பாடமாக்கிய விடையும் கேட்ட கேள்வியும்

சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சை நெருங்கினால் கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து போட்டோக்கொப்பிக் கடைகளில் ஆங்கில இலக்கிய நோட்ஸ் கட்டுக்கட்டாகப் போகும். ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு சுருக்கம், உவமை உருவகங்களின் பட்டியல், கடைசியில் ஒரு மாதிரி விடை. பிள்ளைகள் அதை அப்படியே பாடமாக்குகிறார்கள். பெறுபேறு வந்த பிறகு பெற்றோர் என்னிடம் வந்து கேட்பார்கள்: "மிஸ், அவ நோட்ஸ் முழுக்கப் பாடமாக்கிட்டுத்தானே போனா. எப்படி சி வந்தது?"

பெரும்பாலும் அந்தப் பாடமாக்கல்தான் காரணம். இதைப் பெற்றோரிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பிள்ளை உண்மையிலேயே பாடுபட்டிருக்கிறாள். ஆனால் சொல்லாமல் விட்டால் அடுத்த பிள்ளையும் அதையே செய்யும்.

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த் 1802இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேலிருந்து கண்டதாக எழுதிய கவிதையைப் பாருங்கள். அதிகாலை லண்டன் நகரம் கவிஞரை எப்படிக் கவர்கிறது என்று கேள்வி. விடைத்தாளில் முதல் பந்தி: அவர் பெரிய இயற்கைக் கவிஞர், மலையையும் ஆற்றையும் நேசித்தவர். இரண்டாம் பந்தி: தங்கையோடு பிரான்ஸுக்குப் புறப்பட்ட வழியில் அந்தப் பாலத்தைக் கடந்தார். எல்லாம் உண்மைதான். ஆனால் கவிதை பாடுவது ஒரு நகரத்தை. கப்பல்கள், கோபுரங்கள், நாடக அரங்குகள், புகையில்லாத காற்று, உறங்குவது போலிருக்கும் வீடுகள். பள்ளத்தாக்கையும் மலையையும்கூட இந்தக் காலைக்குக் கீழேதான் வைக்கிறார் அவர். இயற்கையை அவ்வளவு நேசித்த மனிதர் ஒரு நகரத்தை இப்படிப் புகழ்கிறாரே என்று ஒரு பிள்ளை வியந்து எழுதினால், அந்த வாழ்க்கைக் குறிப்புக்கும் விடையில் ஒரு வேலை கிடைத்துவிடும். வெறுமனே எழுதி வைத்தால் அது இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது உவமை. பல விடைத்தாள்களில் "இங்கே உவமை பயன்படுத்தப்பட்டுள்ளது, இது கவிதைக்கு அழகு சேர்க்கிறது" என்ற வசனம் வருகிறது. எந்தக் கவிதைக்கும் ஒட்டக்கூடிய வசனம் என்பதால் எந்தக் கவிதைக்கும் அது உதவாது. இத்தனைக்கும் இதே பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் அப்படி நிறுத்துவதில்லை. "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று" என்ற குறளைக் கொடுத்துப் பாருங்கள். இன்சொல் கனி, கடுஞ்சொல் காய், கனி கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது, இருந்தும் காயைப் பறிப்பது அவனுடைய சொந்தத் தெரிவு, அதனால்தான் அது மடமை என்று அழகாகச் சொல்வார்கள். ஆங்கிலத் தாளைக் கண்டதும் அந்தத் திறமை எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. மொழி பயத்தால் வரும் கோளாறு இது. அறிவுக் குறைவு இல்லை.

டெனிசனின் கழுகுக் கவிதை ஆறே வரிதான். வகுப்பில் இதற்குத்தான் நான் ஆகக் கூடிய நேரம் செலவழிப்பேன். பாறையைக் கழுகு பற்றியிருப்பது 'ஹேண்ட்ஸ்' என்ற கைகளால். நகம் என்றோ கால் என்றோ ஏன் சொல்லவில்லை? ஒரு பிள்ளை, அது கழுகை மனிதனாக்குகிறது என்பாள். இன்னொருவன், வளைந்த கை என்பதால் வயதான அரசன் போலத் தெரிகிறது என்பான். இரண்டும் நல்ல விடை, இரண்டுக்கும் வரியில் ஆதாரம் இருக்கிறது. அப்புறம் கடல். சுருக்கம் விழுந்த கடல் கீழே ஊர்கிறது என்கிறார் கவிஞர். இங்கே கடற்கரையோர மரீன் டிரைவ் வீதியில் நின்று பார்த்தால் கடல் ஊர்வதில்லை, கல்லில் மோதி நம் மேல் தெறிக்கும். ஆனால் அதே வீதியில் உள்ள அடுக்குமாடியின் மேல்தளத்துக்கு ஏறிப் பார்க்கச் சொல்வேன். அலையெல்லாம் மெல்லிய சுருக்கமாகி, மெதுவாக நகர்வது தெரியும். அப்போது பிள்ளைக்கே விளங்கிவிடும்: அந்த வரி கடலைப் பற்றியது மட்டுமல்ல, கழுகு நிற்கும் உயரத்தைப் பற்றியது. இதை நோட்ஸில் படித்த பிள்ளை மறந்துவிடலாம், கண்ணால் கண்ட பிள்ளை மறக்கமாட்டாள்.

கடைசி வரியில் கழுகு இடிபோல விழுகிறது. இரை மீது பாய்கிறதா, அல்லது வலிமை முடிந்து வீழ்கிறதா? "சரியான விடை எது மிஸ்?" என்று எப்போதும் கேட்பார்கள். பெரும்பாலானோர் பாய்ச்சல் என்றே வாசிக்கிறார்கள். நானும் அப்படித்தான். ஆனால் 'ஃபோல்ஸ்' என்ற சொல்லையும் தனிமை நிறைந்த அந்த உயரத்தையும் காட்டி வீழ்ச்சி என்று வாதாடும் பிள்ளையின் விடையை நான் சந்தோஷமாக வாசிப்பேன்.

சிறுகதைக்கு வந்தால் பிரச்சினை வேறு. கதையைத் திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் சாகியின் 'லம்பர் ரூம்' கதையில் நிக்கலஸ் என்ற சிறுவன் குழப்படிக்காரன் என்பதை ஏற்கிறீர்களா என்று கேட்டால், பாணும் பாலும் இருந்த கிண்ணத்தில் தவளை போட்டதிலிருந்து பெரியம்மா மழைநீர்த் தொட்டிக்குள் விழுந்தது வரை இரண்டு பக்கம் ஓடும். கதை பரீட்சகருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது பிள்ளையின் தீர்ப்பும் அதற்கான சான்றும். அந்த வீட்டு இன்னொரு பிள்ளை பொபிக்குச் சப்பாத்து இறுக்கம் என்று நிக்கலஸ் சொல்லும் இடத்தை எடுங்கள். ஏன் அவன் என்னிடம் சொல்லவில்லை என்று பெரியம்மா கேட்க, இரண்டு தரம் சொன்னான், நீங்கள் கேட்கவில்லை என்கிறான். அந்தப் பதில் ஒன்றே போதும். குழப்படி யாரிடம், கவனக்குறைவு யாரிடம் என்ற முழுக் கட்டுரையையும் அதிலிருந்து கட்டலாம். ஸ்ட்ரோபெரி ஜாம் இல்லை என்று அவர் முன்பு சொன்ன பொய்யையும் பக்கத்தில் வைத்தால் விடை இன்னும் உறுதியாகும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று தயங்க வேண்டாம். பிள்ளையைக் கவிதையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் "இதிலே உனக்குப் பிடிச்ச சொல் எது மகள், ஏன்?" என்று தமிழிலேயே கேளுங்கள். பதிலையும் தமிழிலேயே சொல்லட்டும். யோசனை வந்துவிட்டால் அதை எளிய ஆங்கிலத்தில் எழுதப் பழக்குவது எங்கள் வேலை.

பிள்ளைகளுக்கு நேரக் கணக்கு. வரிகளைத் தந்து, யார் யாரிடம் சொன்னது என்று கேட்கும் சின்னக் கேள்விகளுக்குக் கேட்டதை மட்டும் எழுதுங்கள். அங்கே பக்கம் நிரப்பினால் கட்டுரைக் கேள்விக்கு நேரம் போதாது. மேற்கோள் நாலைந்து சொல் இருந்தால் போதும். முழு வரி நினைவில்லாவிட்டால் கற்பனையாக ஒன்றை எழுதாமல், கருத்தைச் சொந்த வசனத்தில் சொல்லுங்கள். முன்பு சொன்னதையே திருப்பும் முடிவுப் பந்தியை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் இன்னொரு சொல்லை எடுத்து விளக்குங்கள். ஆங்கிலத்தில் டெனிசனின் பெயருக்கு நடுவில் இரண்டு 'என்' வரும், அதையும் ஒருதரம் சரி பாருங்கள்.