நூலக விழாவுக்கு வருகிறவர்கள் அடுத்த வாரமும் வரவேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த ஏழு நாளும் தமிழ்நாட்டின் கிளை நூலகங்கள் களைகட்டிவிடும். வாசலில் தோரணம், உள்ளே புத்தகக் கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, கடைசி நாளில் பரிசளிப்பு. ஆகஸ்ட் 12-ம் தேதி, இந்திய நூலகத் துறையின் தந்தை எஸ்.ஆர்.அரங்கநாதன் பிறந்த நாளான நூலகர் தினத்திலும் சின்னதாக ஒரு கூட்டம் நடக்கும். கிளை நூலகராக இருந்து இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். கூட்டம் கூடினால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் விழாவின் பலனைக் கூட்டத்தை வைத்து நான் அளப்பதில்லை. பரிசு வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் புத்தகம் எடுக்க வந்ததா என்றுதான் பார்க்கிறேன்.

பெரும்பாலும் வருவதில்லை. காரணம் பிள்ளைகளிடம் இல்லை. ஆசிரியர் வரிசையாகக் கூட்டி வருகிறார், பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள், மேடையில் இருக்கும் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பின் பெருமையைப் பேசுகிறார்கள். சான்றிதழும் பிஸ்கட்டும் கொடுத்ததும் திரும்ப வரிசை. கண்காட்சி மேசையில் இருக்கும் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க விடுவதில்லை. இந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அந்தப் பிள்ளையிடம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு எப்படி வரும்?

அதனால் எங்கள் கிளையில் பேச்சாளர்களைக் குறைத்தோம். வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு உறுப்பினர் படிவத்தை அடுக்கி வைத்தோம். நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே பள்ளிக்குச் சொல்லி, பெற்றோர் கையெழுத்தோடு படிவம் வரும்படி பார்த்துக்கொண்டோம். வந்த பிள்ளை அன்றைக்கே ஒரு புத்தகத்தோடு வீட்டுக்குப் போகும். திருப்பிக் கொடுக்க எப்படியும் இன்னொரு முறை வந்துதானே ஆகவேண்டும்? அந்த இரண்டாவது வருகைக்காகத்தான் முதல் நாள் பாடெல்லாம்.

ஒரு முறை இப்படி மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுச் செருப்பு விடும் இடத்திலேயே நின்றார். "உள்ள வாங்கம்மா" என்றேன். "இல்லீங்க சார், நான் படிக்கிறவ இல்ல, புள்ளைக்காக வந்தேன்" என்றார். முன்கூடத்தில் நாளிதழ் மேசையைச் சுற்றி முழுக்க ஆண்கள். அவர் தயங்கியதில் ஆச்சரியமில்லை. பக்கவாட்டு வழியாக அழைத்துப்போய் உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "தையல் புஸ்தகம் ஏதாச்சும் இருக்குமா சார்?" என்று கேட்டார். இருந்தது. ஜாக்கெட் வெட்டும் முறையை அளவோடு படம் போட்டு விளக்கும் புத்தகம். பல காலம் யாரும் எடுக்காமல் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது அதன் நடுப்பக்கத்தில், ஜாக்கெட் கைக்கு அளவெடுத்துப் பழைய நாளிதழில் கத்தரித்த துண்டு ஒன்று அப்படியே இருந்தது. எடுத்து நீட்டியதும், "ஐயோ, இதைத்தான் ரெண்டு நாளா தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் சமையல், கோலம், ஒரு நாவல் என்று அவர் கணக்கு வளர்ந்தது.

ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று அரங்கநாதன் 1931-ல் ஐந்து விதிகளில் சொன்னார். நூலகவியல் படிக்கும்போது அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். அது வேலை செய்வதை அந்தத் தையல் புத்தகத்தில்தான் பார்த்தேன்.

நாளிதழ் மேசையைக் குறை சொல்லவில்லை. காலையில் கதவு திறக்குமுன் வந்து காத்திருக்கும் பெரியவர்கள் இல்லையென்றால் பல கிளைகள் உயிரில்லாமல் போய்விடும். ஆனால் வாசலைத் தாண்டியதும் கண்ணில் படுவது அந்த ஒரு கூட்டம் மட்டும்தான் என்றால், பெண்கள் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். வார இதழ்களையும் சிறுவர் புத்தகங்களையும் வேறு மூலைக்கு மாற்றி, அங்கே இரண்டு நாற்காலி போட்டால் போதும். இதற்கு அரசாணை தேவையில்லை.

இன்னொரு சிக்கல் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்தால் மேசையில் இடம் கிடைக்காது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒரே கூடம் உள்ள சிறிய கிளையில் அதற்கு எங்கே போவது? கதை சொல்லும் நேரத்தில் பிள்ளைகள் கூச்சல் போட, படிக்கிறவர்கள் முகம் சுளிக்க, நடுவில் நூலகர். எங்கள் ஊரில் அவர்களையே கூப்பிட்டுப் பேசி, ஞாயிறு மாலை ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுத்தரச் சொன்னோம். ஒத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பெண் பின்னால் தானே கதை சொல்ல முன்வந்தார். அவர் பேய்க்கதை சொல்லும் வாரம் பிள்ளைகள் ஜன்னல் வரை நிற்பார்கள்.

ஞாயிறு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அரசு அலுவலகம்போல ஞாயிற்றுக்கிழமை நூலகமும் மூடியிருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரியும் இருக்கும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1948-ல். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கும் வரி வாங்குகிறார்கள். இப்போது அது ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டினால் நூறு ரூபாய் நூலகத்துக்கு. ஊராட்சியும் நகராட்சியும் அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். அது தாமதமானால் புது நூல் வாங்குவதில் கை வைக்க வேண்டியிருக்கும், கூரை ஒழுகினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எனவே கிராம சபையில் எழுந்து, எங்களிடம் வாங்கிய நூலக வரியைச் செலுத்திவிட்டீர்களா என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. நூலகர் கடிதம் எழுதிக் கேட்பதைவிட ஊர் கேட்டால் சீக்கிரம் நடக்கும்.

நூலகம் வரை வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். மன்னார்குடி பக்கம் மேலவாசலில், 1931-லேயே கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். இன்றைக்கு அந்த வேலையை ‘நூலக நண்பர்கள்’ திட்டத் தன்னார்வலர்கள் செய்கிறார்கள். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்ததும் வாங்கி வருகிறார்கள். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் நூலகத்தில் வந்து சொல்லுங்கள். நேரம் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகள் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். வாசகர் வட்டத்திலும் சேருங்கள். வட்டம் உயிரோடு இருக்கும் ஊரில், நூலகர் மாற்றலாகிப் போனாலும் மாதக் கூட்டம் நிற்பதில்லை.

அடுத்த முறை வரும்போது, தேடிய புத்தகம் கிடைக்கவில்லை என்றால் பேசாமல் திரும்பிப் போய்விடாதீர்கள். நூலகரிடம் பதிவேடு கேட்டு வாங்கி, நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் நாங்கள் போய்க் கேட்கும்போது எடுத்துக் காட்டுவதற்கு அந்தப் பக்கம்தான் வேண்டும்.