பயோமெட்ரிக்: வைக்கும் ரேகையும் எடுக்கும் ரேகையும்

ரேஷன் கடையில் "விரலை வைங்க" என்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்திலும் "ரேகை வைங்க" என்கிறார்கள். ஆனால் காவல் நிலையத்துக்குப் போய் வந்தவர் வீட்டில் சொல்வது "ரேகை எடுத்தாங்க" என்று. விரலும் ஒன்றுதான், கருவியும் ஏறக்குறைய ஒன்றுதான், வினைச்சொல் மட்டும் மாறிவிடுகிறது. வைப்பது நாம் செய்வது. எடுப்பது நம்மிடம் செய்யப்படுவது. பேச்சுத் தமிழ் இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் ஒன்றை, செய்தித்தாள்களில் நாம் படிக்கும் "பயோமெட்ரிக் பதிவு" ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கிரேக்க மொழியில் 'பியோஸ்' என்றால் உயிர், வாழ்வு. 'மெட்ரான்' என்றால் அளவு. இரண்டும் சேர்ந்து உயிர்களை அளத்தல். தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்கும் போலீசுக்கும் தொடர்பில்லை. உயிரினங்களின் உயரம், எடை, நண்டு ஓட்டின் அகலம் போன்றவற்றை அளந்து புள்ளியியல் முறையில் ஆராயும் துறைக்குத்தான் இந்தப் பெயர். 1901இல் இங்கிலாந்தில் 'பயோமெட்ரிக்கா' என்ற ஆய்விதழ் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன். 1892இல் விரல் ரேகைகளைப் பற்றி நூல் எழுதியவரும் அவர்தான். 'நல்ல' வம்சத்தைப் பெருக்கி 'தாழ்ந்த' வம்சத்தைக் குறைக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே. மனிதரை அளப்பதும் மனிதரைத் தரம் பிரிப்பதும் ஒரே மேசையில் நடந்த காலம் அது. ஆளை அடையாளம் காணும் தொழில்நுட்பம் என்று நாம் இன்று சொல்லும் பொருள் இந்தச் சொல்லுக்குப் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

சரி, ரேகை எப்படிக் காவல் துறையின் கைக்குப் போனது? 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரோடு சாலைப் பொருளுக்கு ஒப்பந்தம் போட்டார். கையெழுத்து என்னுடையது இல்லை என்று பின்னால் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக, அவருடைய முழு உள்ளங்கையையும் மையில் தோய்த்துத் தாளில் பதியச் செய்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் அது கைநாட்டு. நாட்டுதல் என்றால் ஊன்றுதல். ஒப்புக்கொண்டவர் தன் கையைத் தானே ஊன்றுகிறார். நாற்பது ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. 1897இல் கல்கத்தாவில் குற்றவாளிகளின் ரேகைகளைத் தொகுக்க ஒரு தனி அலுவலகமே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகளில் வேண்டிய ஒன்றைத் தேடி எடுக்க வழி வகுத்தவர்கள் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள். அந்த முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. 1901இல் ஹென்றி லண்டன் காவல் துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனபோது அந்த முறையும் கூடவே போனது. இங்கே ஆண்டவர்கள் ஆளப்பட்டவர்கள் மேல் பழகிய கலை, அங்கே போய் அறிவியலாக நிமிர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சொல் 'பயோமெட்ரிக்' ஆக வருவதற்கு வெகுகாலம் முன்பே 'கைரேகைச் சட்டம்' ஆக வந்துவிட்டது. குற்றப் பழங்குடிகள் சட்டத்தை மதுரைப் பக்கத்து மக்கள் அப்படித்தான் அழைத்தார்கள். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்த சட்டம் அது. ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவரைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்த்து, ரேகை எடுத்து, அவர் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்த அது இடம் கொடுத்தது. எத்தனையோ பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டத்தில் மக்கள் மனத்தில் ஆறாமல் நின்றது ரேகைதான் என்பதை அந்தப் பெயரே காட்டுகிறது. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், ரேகை கொடுக்க மறுத்துத் திரண்ட பிறமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் இறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது.

அதே 1920இல் இன்னொரு சட்டமும் வந்தது: கைதிகளை அடையாளம் காணும் சட்டம். ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்தில் கைதானவர்களிடம் ரேகையும் காலடித் தடமும் எடுக்க அது அனுமதித்தது. 102 ஆண்டுகள் கழித்து, 2022இல், அதன் இடத்தில் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வந்தது. இரண்டு சட்டங்களும் எடுக்கப்படுவதற்கு இட்டிருக்கும் பெயர் 'அளவுகள்' என்பதே. கிரேக்க 'மெட்ரான்' பொருள் அளவில் அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. ஆனால் 2022 சட்டத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குபவை எவை என்று பாருங்கள்: விரல் ரேகை, உள்ளங்கை ரேகை, காலடித் தடம், ஒளிப்படம், கருவிழி, விழித்திரை, உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகள், அவற்றின் ஆய்வு முடிவுகள், கையெழுத்து, எழுதும் பாங்கு முதலிய நடத்தைக் கூறுகள். ரத்த மாதிரியையும் கையெழுத்தையும் 'அளவு' என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். சின்னச் சொல் ஒன்று பெரிய கூடை ஆகிவிட்டது.

யாரிடம் எடுக்கலாம் என்பதும் விரிந்துவிட்டது. பழைய ஓராண்டு வரம்பு போய்விட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் கைதானாலும் எடுக்கலாம் என்கிறது புதிய சட்டம். உயிரியல் மாதிரிகளுக்கு அதில் ஒரு விலக்கு உண்டு: பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றமாகவோ, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமாகவோ இல்லையென்றால் அவற்றைத் தர மறுக்கலாம். மற்றபடி மறுப்பது குற்றம். எடுத்தவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும். இருபது வயதில் ஒரு மறியலில் கைதாகும் மாணவி தொண்ணூற்றைந்து வயது ஆகும்வரை என்று கணக்குப் போட்டால்தான் அந்த எண்ணின் எடை புரிகிறது. முன்பு தண்டனை பெறாதவர் வழக்கிலிருந்து விடுதலையானால், நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிடாவிட்டால், அழித்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அழிக்கச் சொல்லி அதற்கென்று உள்ள அதிகாரியிடம் கேட்க வேண்டும் என்கின்றன விதிகள். ஜாமீனுக்கே அலைந்து ஓய்ந்த குடும்பம் இதற்காக இன்னொரு முறை படியேறுமா?

குற்றத்தைத் துப்புத் துலக்க ரேகை உதவுகிறது, பெயர் தெரியாத உடலை வீட்டாரிடம் சேர்க்கவும் உதவுகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கேள்வி, குற்றம் நிரூபிக்கப்படாதவரின் உடலை எவ்வளவு காலம் அரசு வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். பிரிட்டனில் இது வழக்கானது. பதினொரு வயதில் கைதாகி விடுவிக்கப்பட்ட ஒரு சிறுவன், வழக்கே கைவிடப்பட்ட ஒருவர் என இருவருடைய ரேகையையும் மரபணு மாதிரியையும் போலீஸ் வைத்துக்கொண்டது. 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தனிவாழ்வு உரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லியிருக்கிறது.

இனி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'உயிரியளவியல்' என்று எழுதுகிறார்கள். கால்டன் காலத்துப் புள்ளியியல் துறைக்கு அது சரியான பெயர். போலீஸ் எடுக்கும் ரேகைக்கு அது பொருந்தாது; அங்கே உயிரியலும் இல்லை, யாரும் அதை ஓர் இயலாகப் படிப்பதுமில்லை. 'மெய்யடையாளம்' என்று எழுதலாமே என்று ஒரு காலத்தில் எனக்குத் தோன்றியது. மெய் என்றால் உடல், அழகான சொல். ஆனால் மெய் என்றால் உண்மையும்கூட. அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகை, அமெரிக்காவின் ஓரிகன் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் அவர் காவலில் இருந்தார். ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டறிந்தது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. ரேகை நிலையே இதுவென்றால், மங்கலான கேமராவில் பதிந்த முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காணாமல் போன குழந்தைகளைத் தேட டெல்லி போலீஸ் வைத்திருந்த முக அடையாள மென்பொருளின் துல்லியம் 2 சதவீதம் என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. பொருத்திப் பார்ப்பது ஓர் ஊகம். அதற்கு உண்மை என்ற பெயரைச் சொல்லிலேயே ஒட்டிக் கொடுக்கக் கூடாது.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழிலும் 'காணவில்லை' அறிவிப்பிலும் வரும் 'அங்க அடையாளம்'. வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு என்று எழுதுவோமே, அதுதான். அதையொட்டி 'உடலடையாளம்' என்பதை நான் பரிந்துரைக்கிறேன். உடலடையாளத் தரவு, உடலடையாளப் பதிவு என்று நீட்டவும் வசதி. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம், உடலை மாற்ற முடியாது என்பதையும் அந்தச் சொல் நினைவில் வைக்கிறது. ரேகை வடசொல்தான் என்றாலும் அதைத் தொட வேண்டாம்; மக்கள் வாயில் ஊறிவிட்டது.

பெயர்ச்சொல்லை விட வினைச்சொல்லில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். "கைதானவர்களின் பயோமெட்ரிக் பதிவு செய்யப்பட்டது" என்று எழுதினால் யார் செய்தார், யாருக்கு என்ன நடந்தது என்று எதுவும் தெரிவதில்லை. "கைதானவர்களிடம் போலீஸ் விரல் ரேகையும் கருவிழிப் படமும் எடுத்தது" என்று எழுதலாம். தெருவில் போகிறவரின் முகத்தைக் கேட்காமலே பதிந்தால் அதற்கும் "எடுத்தது" என்றே எழுத வேண்டும். கேட்டுச் சம்மதித்துக் கொடுத்தால் மட்டும் "வைத்தார்" என்று எழுதலாம்.