தாத்தா ‘ஆல்-சதர்ன்’ ஆட்டக்காரரா? பட்டியல் போட்டவர் யார் என்று முதலில் பாருங்கள்

புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. தங்கத்தில் செய்த குட்டி ஃபுட்பால். நம் ஊர் உருண்டைப் பந்து இல்லை, இரு முனையும் கூம்பிய அமெரிக்கப் பந்து. தையல் கோட்டைக்கூட விடாமல் செதுக்கியிருந்தார்கள். ஒரு முனையில் சின்ன வளையம். அந்தக் காலத்து ஆண்கள் பாக்கெட் கடிகாரச் சங்கிலியில் இதை மாட்டிக்கொள்வார்கள். பந்தின் வயிற்றில் ‘ஆல் சதர்ன்’ என்று பொறித்து, கீழே ஆண்டு. கடைசி இலக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோயிருந்தது. 1910ஆ, 1916ஆ? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் எழுபது தாண்டிய ஒரு அம்மா. கைக்குட்டையை மேசையில் விரித்து அதன்மேல் வைத்தார். அவருடைய தாத்தா டென்னசியில் ஒரு சின்னக் கல்லூரிக்காக ஆடியவர். குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அவரை ‘ஆல்-அமெரிக்கன்’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர், “நூலகத்திலிருந்து அப்படி ஒரு கடிதம் வாங்கி வந்தால் விலையே வேறு” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பழம்பத்திரிகைப் பிரிவில் எனக்கு வேலை. ஃபுட்பால் எனக்குக் குலத்தொழில் அல்ல. இங்கே வந்த புதிதில் ஆட்டம் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதே புரியாது. ஆனால் வருடா வருடம் நவம்பர் பிறந்தால் இந்த மாதிரிக் கேள்விகள் வரிசைகட்டி வந்துவிடும். பாதிப் பேருக்கு ஒரே குழப்பம்தான். ‘ஆல்-அமெரிக்கன்’, ‘ஆல்-சதர்ன்’ என்பதெல்லாம் ஏதோ அரசாங்கமோ சங்கமோ முத்திரை குத்திக் கொடுத்த பட்டம் என்று நினைத்து வருகிறார்கள். உண்மையில் அவை பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் பருவக் கடைசியில் போட்ட சிறந்த ஆட்டக்காரர் பட்டியல்கள்தான். அதை விளக்கிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் நடந்தது. ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. அதற்கு 20 வருடம் கழித்து, 1889இல், விளையாட்டுப் பத்திரிகைக்காரர் காஸ்பர் விட்னி தன்னுடைய வாரப் பத்திரிகையில் அந்தப் பருவத்தின் தலைசிறந்த 11 பேர் என்று ஒரு பட்டியல் போட்டார். அதுதான் முதல் ஆல்-அமெரிக்க அணி. பெயர்களைத் தேர்ந்தது விட்னியா, யேல் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் வால்டர் காம்ப்பா என்ற தகராறு இன்றுவரை ஓயவில்லை. பெயர் என்னவோ அனைத்து அமெரிக்கா. ஆட்களோ பிரின்ஸ்டனில் 5, யேலில் 3, ஹார்வர்டில் 3, அவ்வளவுதான். அதில் குவார்ட்டர்பேக் என்ற இடத்தில் ஆடிய பிரின்ஸ்டன் மாணவரின் பெயர் எட்கர் ஆலன் போ. கவிஞர் போவின் உறவுக்காரர். முதல் தடவை அந்தப் பெயரைப் பார்த்தபோது, யாரோ பட்டியலில் குறும்பு செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கிழக்குக் கரைக் கல்லூரிகளைத் தாண்டிப் பார்க்கவில்லை என்று காம்ப்பைக் குறை சொல்வது சுலபம். ஆனால் அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். யேல் இருக்கும் நியூ ஹேவனில் ஒரு கடிகாரக் கம்பெனியில் அவருக்கு வேலை, பிறகு அதற்கே தலைவரானார். வேலை நேரத்தில் யேல் பயிற்சியைப் பார்க்க முடியாத காலத்தில் மனைவி ஆலிஸ்தான் மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாராம். பக்கத்து மைதானத்துக்கே இந்தக் கதி. நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு 1902இல் விட்ட அதிவேக ரயிலே 20 மணி நேரம் எடுத்துக்கொண்டது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆட்டம். ஒரு மனிதர் எத்தனையைப் பார்த்துவிட முடியும்? தொலைக்காட்சி கிடையாது, வானொலி கிடையாது. மற்ற ஊர்க் கடிதங்களும் பத்திரிகைச் செய்திகளும்தான் கண். 1898 முதல் காலியர்ஸ் பத்திரிகையில் வந்த அவர் பட்டியலை நாடே வேதவாக்காக எடுத்துக்கொண்டது.

அதனால்தான் 1895இல் கார்னெல் மாணவர் கிளின்ட் வைக்காஃப் உள்ளே வந்ததே பெரிய சேதி. கார்னெல் ஒன்றும் தொலைவில் இல்லை, பக்கத்து நியூயார்க் மாநிலத்தில்தான் இருக்கிறது! சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பர்கர் காம்ப்பின் முதல் அணிக்குள் நுழைய 1898 வரை ஆயிற்று. மேற்கிலிருந்து அவர்தான் முதல் ஆள். தெற்குக்கு இன்னும் தாமதம். 1910இல் டென்னசியின் வாண்டர்பில்ட் அணி காம்ப்பின் சொந்த ஊரான நியூ ஹேவனுக்கே போய் யேலை 0-0 என்று மடக்கிவிட்டுத் திரும்பியது. அந்த வருடமும் முதல் 11 பேரில் தெற்கத்தி ஆள் ஒருவரும் இல்லை.

சரி, உன் பட்டியல் உனக்கு, எங்கள் பட்டியல் எங்களுக்கு என்று மற்ற பகுதிக்காரர்களும் ஆரம்பித்தார்கள். ‘ஆல்-சதர்ன்’, ‘ஆல்-வெஸ்டர்ன்’, பசிபிக் கரைக்கு ஒன்று என்று வட்டார அணிகள் முளைத்தது இப்படித்தான். தெற்கில் 1895லேயே தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் தென்மாநிலக் கல்லூரிகள் அட்லாண்டாவில் கூடித் தங்களுக்கென்று ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்திருந்தார்கள். ஆனால் பட்டியலை அந்தச் சங்கம் வெளியிடவில்லை. பயிற்சியாளர்களும் பத்திரிகைக்காரர்களும் ஆளுக்கொன்று போட்டார்கள்.

எங்கள் வேலையில் சிக்கல் தொடங்குகிற இடம் இதுதான். ஆல்-சதர்ன் பட்டியல் போட்டவர்களில் ஜான் ஹைஸ்மன் ஒருவர். இன்று சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கு ஹைஸ்மன் கோப்பை என்று கொடுக்கிறார்களே, அந்த ஹைஸ்மன். ஆபர்ன், கிளெம்சன், அப்புறம் 1904 முதல் 1919 வரை ஜார்ஜியா டெக் என்று தெற்கிலேயே பயிற்சியாளராக இருந்தவர். 1916இல் அவருடைய ஜார்ஜியா டெக், கம்பர்லாண்ட் கல்லூரியை 222-0 என்று நசுக்கியது. பையன்களைப் பழக்குவதும் அவர், வருடக் கடைசியில் தெற்கிலேயே சிறந்தவர் யார் என்று எழுதுவதும் அவர். இன்னொருவர் கிராண்ட்லாண்ட் ரைஸ். வாண்டர்பில்ட்டில் படித்தவர், நாஷ்வில் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் பார்த்தவர். தான் படித்த கல்லூரிப் பையன்களையும் அவரே எடைபோட வேண்டியிருந்தது. 1925இல் காம்ப் இறந்தபிறகு காலியர்ஸ் பட்டியல் இவர் கைக்குத்தான் போனது.

சிகாகோவின் வால்டர் எக்கர்சால் கதை இன்னும் வேடிக்கை. 1904, 1905, 1906 மூன்று வருடமும் காம்ப்பின் முதல் அணியில் இருந்த ஆட்டக்காரர். ஆடி முடித்ததும் சிகாகோ ட்ரிப்யூனில் எழுத்தாளரானார், ஆல்-வெஸ்டர்ன் அணிகளைத் தேர்ந்தார். கூடவே ஆட்ட நடுவராகவும் இருந்தார். சனிக்கிழமை மைதானத்தில் விசில் ஊதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அதே ஆட்டத்தைப் பற்றி எழுதுவார். இன்றைக்கு யாராவது இப்படிச் செய்தால் சமூக ஊடகத்தில் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நியூ ஹேவனிலிருந்து கடிதம் படித்துத் தேர்வதைவிட, பத்தடி தள்ளி நின்று பார்த்தவர் சொல்வதற்கு எடை அதிகம். பயிற்சியாளர் பட்டியலுக்கும் அதே நியாயம்தான். பட்சபாதம் இருக்கலாம், ஆனால் அவர் எதிர்த்து ஆடிய அணியைக் கண்ணால் பார்த்திருப்பார். பட்டியலைத் தூக்கிப் போடவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது. போட்டவர் அந்தப் பருவத்தில் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தார், எந்த ஆட்டங்களுக்குப் போனார் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஊர்ப்பெயர்களிலும் பொறி இருக்கிறது. ஒரு முறை ஒருவர், கொள்ளுத்தாத்தா ‘ஆல்-வெஸ்டர்ன்’ என்று குடும்பக் கதை இருக்கிறதே என்று கலிஃபோர்னியப் பத்திரிகைகளை ஆறு மாதம் சலித்துவிட்டு எங்களிடம் வந்தார். அந்தக் காலத்து ‘வெஸ்டர்ன்’ என்பது சிகாகோ, மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா வட்டாரம். இன்றைய பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பு 1896இல் பிறந்தபோது அதையே வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்றுதான் சொல்வார்கள். சிகாகோ நாளிதழின் மைக்ரோஃபில்ம் சுருளை மாட்டி முக்கால் மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்தோம். அதேபோல, வர்ஜீனியா, வட கரோலினா பையன்களைச் சிலர் ஆல்-சதர்னில் சேர்ப்பார்கள், சிலர் ‘தெற்கு அட்லாண்டிக்’ என்று தனியாகப் பிரித்துவிடுவார்கள். அங்கே பெயர் இல்லை என்றால் ஆட்டம் மட்டம் என்று அர்த்தமில்லை. எல்லைக்கோட்டை வேறு மாதிரி இழுத்திருப்பார்கள்.

‘ஆல்’ என்ற சொல்லே ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. ஆல்-சதர்ன் என்றால் தெற்கின் வெள்ளையர் கல்லூரிகள் மட்டுமே. 1892 டிசம்பர் 27 அன்றே வட கரோலினாவின் சாலிஸ்பரியில் பிடில், லிவிங்ஸ்டன் என்ற இரு கறுப்பினக் கல்லூரிகள் பனியில் மோதியிருக்கின்றன. பிடில் 5-0 என்று வென்றது. மூன்று வருடம் கழித்து வந்த ஆல்-சதர்னில் அந்தப் பக்கத்தவர் யாருக்கும் கதவு திறக்கவில்லை, அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கும் திறக்கவில்லை. வடக்கில், ஹார்வர்டின் வில்லியம் ஹென்றி லூயிஸ் 1892, 1893இல் ஆல்-அமெரிக்க அணியில் இருந்த முதல் கறுப்பினத்தவர். 1916இல் வர்ஜீனியாவின் வாஷிங்டன் அண்ட் லீ அணி, ரட்கர்ஸின் கறுப்பின ஆட்டக்காரர் பால் ராப்சன் இறங்கினால் ஆட மாட்டோம் என்றது. ரட்கர்ஸும் அவரை உட்கார வைத்தது. இரண்டே வருடத்தில், 1918இல், ராப்சன் காம்ப்பின் முதல் அணியில் இருந்தார். அதே அணியில் சென்டராக இருந்தவர் ஜார்ஜியா டெக்கின் ‘பம்’ டே, காம்ப்பின் முதல் அணிக்கு வந்த முதல் தெற்கத்தி ஆட்டக்காரர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அச்சுத்தாளில் மட்டும்தான். உங்கள் குடும்பம் கறுப்பினக் கல்லூரி மரபில் வந்தது என்றால் அட்லாண்டா, நாஷ்வில் நாளிதழ்களில் நேரத்தைத் தொலைக்காதீர்கள். கறுப்பினப் பத்திரிகைகளான பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர், பால்டிமோரின் ஆஃப்ரோ-அமெரிக்கன் இவற்றில் தேடுங்கள். கறுப்பினக் கல்லூரிகளுக்கான அணிகளை 1920களில் கூரியர் வெளியிட்டிருக்கிறது.

தேடுகிறவர்களுக்குச் சில கைப்பழக்கங்கள். அந்தக் காலத்தில் பருவம் நன்றி தெரிவிக்கும் நாளோடு, அதாவது நவம்பர் கடைசி வியாழனோடு, ஏறக்குறைய முடிந்துவிடும். பட்டியல்கள் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டிசம்பர் முழுக்க வரும். ஆகவே செப்டம்பரிலிருந்து தொடங்காமல் டிசம்பரிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முழுப்பெயர் கிடைக்காது. குடும்பப்பெயரும் கல்லூரியும்தான் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு செல்லப்பெயர். இணையத்தில் உள்ள ஸ்கேன்களில் கணினி எழுத்தைப் படிக்கும்போது பக்கத்துப் பத்தியையும் சேர்த்துக் குழப்பிவிடும். ஒரு ஹாஃப்பேக்கின் பெயரோடு பன்றி இறைச்சி விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தேடுபெட்டியில் பெயர் சிக்கவில்லை என்றால் கண்ணால் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். அன்று தாக்குவதற்கும் தடுப்பதற்கும் அதே 11 பேர். ஆகவே முதல் அணி என்றால் 11 இடம், அவ்வளவே. இரண்டாம் அணி, மூன்றாம் அணி, கடைசியில் பெயர் மட்டும் குறிப்பிட்டவர்கள் என்று போகும். பேரப்பிள்ளைகள் காலத்தில் இந்த வித்தியாசமெல்லாம் கரைந்து எல்லோரும் ‘ஆல்-அமெரிக்கன்’ ஆகிவிடுகிறார்கள்.

அப்புறம், நகையில் பொறித்திருப்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். தட்டாரிடம் காசு கொடுத்தால் எதையும் பொறித்துத் தருவார். தேடத் தொடங்க ஒரு நுனி கிடைத்தது, அந்த அளவுக்குத்தான் அது.

அந்த அம்மாவின் தங்கப் பந்துக்கு வருகிறேன். கல்லூரியின் பதிவேட்டில் தாத்தா 1911இல் படித்து முடித்ததாக இருந்தது. ஆகவே தேய்ந்த இலக்கம் 0. 1910 டிசம்பரில் தெற்கில் வந்தவற்றில் மூன்று பட்டியல்கள் அகப்பட்டன. காம்ப் பட்டியலில் அவர் பெயர் எந்த மூலையிலும் இல்லை. அதைச் சொன்னதும் அந்த அம்மா முகம் லேசாகச் சுருங்கியது. தெற்கத்திப் பட்டியல்களில், ஒரு பயிற்சியாளர் போட்டதில் அவர் இல்லை. அட்லாண்டா நாளிதழ் ஒன்றில் இரண்டாம் அணி. நாஷ்வில் நாளிதழ் ஒன்றில் முதல் அணி, முன்வரிசையில் இடது டேக்கிள் என்ற இடம்.

அவர் கொஞ்ச நேரம் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இந்த மூன்று பேரில் தாத்தா ஆடியதை நேரில் பார்த்தவர் யார்?” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அன்று மாலை அந்தப் பருவத்தின் ஆட்ட அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பயிற்சியாளரின் அணி தாத்தாவின் கல்லூரியோடு அந்த வருடம் மோதவே இல்லை. அட்லாண்டாவில் தாத்தா ஆடியது ஒரே ஓர் ஆட்டம், அதிலும் பாதியில் காயம்பட்டு வெளியே போயிருக்கிறார். நாஷ்வில்லில் மூன்று ஆட்டம், மூன்றிலும் கடைசிவரை நின்றிருக்கிறார்.

வியாபாரி கேட்ட கடிதம் தர எங்களால் முடியவில்லை. மூன்று பக்கங்களின் நகலையும் தேதியோடு எடுத்துக் கொடுத்தோம். அவர் பந்தை விற்கவில்லை. நகல்களை நாலாக மடித்துப் பந்தோடு ஒரே டப்பாவில் வைத்து, மூடியில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். தாத்தா பெயர், இடது டேக்கிள், 1910, பத்திரிகையின் பெயர், தேதி, அடைப்புக்குறிக்குள் ‘நாஷ்வில் மட்டும்’.