கூகுளுக்கு 1,337 கோடி அபராதம் போட்ட சட்டம் என்ன சொல்கிறது?

புது ஆண்ட்ராய்டு போனைத் திறந்ததும் முகப்பிலேயே கூகுள் தேடல் பட்டை இருக்கும். குரோம், யூடியூப், மேப்ஸ், ஜிமெயில் எல்லாம் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். வேண்டாம் என்று விரலை அழுத்திப் பிடித்தால், பல போன்களில் முடக்கி வைக்கத்தான் வழி உண்டு, நீக்க முடியாது.

இதைப் போன் கம்பெனி தானாக முடிவு செய்யவில்லை. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் செயலிகளை மொத்தமாக ஏற்றவேண்டும், தேடல் பட்டை முகப்பில் இருக்கவேண்டும் என்பதுதான் 2023 தொடக்கம் வரை கூகுள் இங்கே போட்டுவந்த ஒப்பந்தம். பிளே ஸ்டோர் இல்லாத ஆண்ட்ராய்டு போனை இங்கே யார் வாங்குவார்கள்? கையெழுத்துப் போடுவதைத் தவிர கம்பெனிகளுக்கு வேறு வழியிருக்கவில்லை.

2018இல் மூன்று தனிநபர்கள் இதை, சந்தையில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கும் அரசு அமைப்பான இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வைத்தார்கள். அடுத்த ஆண்டு விசாரணைக்கு உத்தரவானது. 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் விதித்த அபராதம் 1,337.76 கோடி ரூபாய்.

இதற்கு அடிப்படை, 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. ஒரு நிறுவனம் சந்தையில் பெரிய ஆளாக வளர்வதை இந்தச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. அந்தப் பலத்தை வைத்து மற்றவர்கள் உள்ளே வரமுடியாமல் கதவடைப்பது, ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டாயமாகச் சேர்த்துத் தள்ளுவது, நியாயமில்லாத நிபந்தனை போடுவது, இவைதான் குற்றம். யார் பெரிய ஆள் என்பதற்குச் சந்தைப் பங்கு மட்டும் அளவுகோல் இல்லை. மக்கள் அதை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள், புதிதாக ஒருவர் நுழைவது எவ்வளவு கடினம் என்பதையும் பார்ப்பார்கள்.

அபராதம் மூன்று ஆண்டுச் சராசரி விற்றுமுதலில் 10 சதவீதம் வரை போகலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்க உள்ள விற்றுமுதல் கணக்கில் வரும். என்னைக் கேட்டால், பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உறைக்கக்கூடிய மாற்றம் இதுதான்.

தொகையைவிட ஆணையத்தின் கட்டளைகள்தான் நம் கைக்கு நேராக வருபவை. முதல்முறை போனை இயக்கும்போதே தேடுபொறியை நாமே தேர்ந்தெடுக்க வழி வேண்டும் என்றது ஆணையம். 2023 மார்ச்சில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தையும் இந்தக் கட்டளையையும் உறுதி செய்தது. ஆனால் நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. அதில் ஒன்று, முன்பே ஏற்றிய செயலிகளை நீக்குவதைத் தடுக்கக்கூடாது என்பது. போனுக்குக் காசு கொடுத்தவர் நாம்தானே, அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, நாம் என்ன செய்யலாம்? தனிநபரும் கட்டணம் கட்டி போட்டி ஆணையத்தில் தகவல், அதாவது புகார், தாக்கல் செய்யலாம். பாதிக்கப்பட்டவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தென் மாநிலங்களுக்கான மண்டல அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. உங்களுக்கு ரீஃபண்ட் வரவில்லை, பொருள் பழுது என்பதெல்லாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவேண்டியவை. போட்டி ஆணையத்தில் சந்தை முழுக்கப் பாதிக்கும் நடத்தையைத்தான் பார்ப்பார்கள். அபராதப் பணம் அரசின் கருவூலத்துக்குத்தான் போகும். உங்களுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்கவேண்டும்.

அப்புறம், பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் தகவல் கொடுத்துவிட வேண்டும். தாமதமானால் தகுந்த காரணம் காட்டவேண்டியிருக்கும். அதனால் செயலி தயாரிப்பவர்கள், ஆன்லைனில் விற்பவர்கள் ஒப்பந்த நகல், மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.