பணிப்பயணமும் குலைந்துபோகும் உணவு நேரமும்

பணி காரணமாக அடிக்கடி வெளியூர் செல்பவர்கள், எடை கூடியோ, இரத்தச் சர்க்கரை உயர்ந்தோ, நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் விடாமல் தொடர்ந்தோ ஆலோசனைக்கு வரும்போது, பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: "வெளிச்சாப்பாடுதான் காரணம், டாக்டர்." அதில் உண்மை இருக்கிறது; ஓட்டல் உணவில் எண்ணெயும் உப்பும் வீட்டுச் சமையலைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன்பு, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்பது என் வழக்கம். கிடைக்கும் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. அதிகாலை வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் வெறும் காபி; கூட்டம் நீண்டுவிட்டதால் மதிய உணவுக்குப் பதில் தேநீரும் பிஸ்கட்டும்; இரவு பத்து மணிக்கு மேல் அறைக்குத் திரும்பி, நாள் முழுவதும் அடக்கி வைத்த பசியோடு ஒரு பெரிய உணவு, அடுத்த அரை மணி நேரத்தில் படுக்கை. இந்த நேரக்குலைவைச் சரிசெய்யாமல் உணவுப் பட்டியலை மட்டும் மாற்றி எழுதிக் கொடுப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு உடலியல் காரணம் உண்டு. மூளையில் இருக்கும் மையக் கடிகாரம் முக்கியமாக வெளிச்சத்தைக் கொண்டு நேரத்தை அறிகிறது. கல்லீரல், கணையம், குடல் ஆகியவற்றின் உயிரணுக்களிலும் தனித்தனிக் கடிகாரங்கள் இயங்குகின்றன. அவை உணவு வந்து சேரும் நேரத்தையும் நேரங்காட்டும் குறிப்பாக எடுத்துக்கொள்கின்றன. (உயிரணுக்குள் இக்கடிகாரம் இயங்கும் விதத்தைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூன்று அறிவியலாளர்களுக்கே 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.) காலையில் சாப்பிடும்போது இரத்தச் சர்க்கரையை ஓரளவே உயர்த்தும் ஓர் உணவு, அதே அளவில் இரவில் சாப்பிடப்படும்போது அதைக் கூடுதலாக உயர்த்துகிறது; இரவு நேரத்தில் இன்சுலினின் சுரப்பும் செயல்பாடும் மந்தமாக இருப்பதே காரணம். சாப்பிட்ட உடனே படுத்தால் இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறி வருவதும் எளிதாகிவிடுகிறது. ஆகவே பயணத்தின்போது நெஞ்செரிச்சல் வருபவர்கள் காரத்தைக் குறைப்பதற்கு முன்பு, கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேர இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும்.

உணவு நேரத்தோடு தூக்கமும் குலைகிறது. புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராதது பலருக்கும் தெரிந்த அனுபவம். அந்த இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிட விழிப்பாக இருந்து சிறு ஓசைகளுக்கும் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஊர்விட்டு ஊர் சென்று ஒவ்வோர் இரவும் வெவ்வேறு அறையில் தங்குபவருக்கு ஒவ்வோர் இரவும் முதல் இரவுதான். தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறது. ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்து 2004-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், வயிறு நிறைந்த உணர்வைத் தரும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. மாவுச்சத்தும் இனிப்பும் உப்பும் மிகுந்த உணவுகளின் மீதே அவர்களது நாட்டம் அதிகமாகத் திரும்பியது. மறுநாள் காலை பஃபே மேசையின் முன் நின்று இனிப்பு ரொட்டிகளை அள்ளி வைத்துக்கொள்பவரை மனவுறுதி இல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய பசி முந்தைய இரவிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

எனவே என் முதல் பரிந்துரை, புறப்படுவதற்கு முந்தைய நாளே பயண நிரலில் உணவு நேரங்களையும் எழுதிக்கொள்வது. வண்டி எத்தனை மணிக்கு, கூட்டம் எத்தனை மணிக்கு என்று குறிக்கும் அதே தாளில், மூன்று வேளையும் எங்கே, எப்போது சாப்பிடப் போகிறோம் என்பதையும் குறித்தால், எந்த வேளை தவறப் போகிறது என்பது முன்கூட்டியே கண்ணில் படும். தவறப் போகும் அந்த வேளைக்குக் கையில் உணவு இருக்க வேண்டும். பாதாம், முந்திரி போன்ற உப்பில்லாத கொட்டைப் பருப்புகள், வறுத்த பயறு வகைகள், வாழைப்பழம், ஆப்பிள் போன்ற தோலோடு கூடிய பழங்கள் ஆகியவை குளிர்பதனம் இல்லாமலேயே தாங்கும். அவித்த முட்டை, தயிர், சமைத்த உணவு ஆகியவற்றை அப்படி எடுத்துச் செல்லக் கூடாது. சமைத்த உணவு அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கொட்டைப் பருப்பிலும் அளவு முக்கியம். ஒரு கைப்பிடி, அதாவது ஏறத்தாழ 30 கிராம் போதும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியைப் பார்த்தபடி கொறித்தால் ஒரு வேளை உணவின் கலோரி கவனிக்காமலேயே உள்ளே போய்விடும்.

நடைமுறையில் பெரிய மாற்றத்தைத் தருவது மாலை ஆறு மணி வாக்கில் உண்ணும் ஒரு சிறு உணவுதான். இரவு உணவு அலுவல் விருந்தாக இருக்குமானால் அது தாமதமாகும் என்பது உறுதி. அந்த விருந்துக்குக் கடும்பசியோடு போகாமல், ஒரு பழமும் சிறிது கொட்டைப் பருப்பும் முன்னதாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால், மேசையில் அமர்ந்தபின் எதை உண்பது, எவ்வளவு உண்பது என்பதை நிதானமாகத் தீர்மானிக்க முடிகிறது. பலரோடு சேர்ந்து உண்ணும்போது தனியே உண்பதைவிடக் கூடுதலாக உண்பதும், பலவகை உணவுகள் வரிசையாக இருக்கும்போது நிறைவு தாமதமாக வருவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட இயல்புகள். ஆகவே பஃபேயில் முதலில் முழு வரிசையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு தட்டை எடுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவு, மீதிக் கால் பங்கு மாவுச்சத்து என்ற அளவை எந்த நாட்டு உணவு மேசையிலும் பின்பற்ற முடியும். உண்ணும் வரிசையும் உதவுகிறது: காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு, மாவுச்சத்தைக் கடைசியாக உண்டபோது, உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரை குறைவாகவே உயர்ந்தது என்று இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2015-இல் காட்டியது. செலவில்லாத வழி இது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் தடையில்லை.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சூப், சாஸ், ஊறுகாய் வகைகள், பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் நொறுக்குத்தீனி ஆகியவற்றோடு வெளியில் உண்ணும் ஒரே ஒரு வேளை அந்த அளவை எட்டிவிடக்கூடும். சாஸையும் சாலட் மீது ஊற்றும் கலவையையும் தனிக் கிண்ணத்தில் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். பழச்சாறு, இனிப்பூட்டிய காபி, குளிர்பானம் ஆகியவற்றுக்குப் பதில் தண்ணீர் குடிப்பது, சாப்பாட்டில் எதையும் குறைக்காமலேயே கலோரியைக் குறைக்கும் எளிய வழி. காபியைப் பிற்பகல் தொடக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக் கூட்டத்தில் குடித்த காபி நள்ளிரவிலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

உடற்பயிற்சி என்றவுடன் விடுதியில் உடற்பயிற்சிக்கூடம் இருக்கிறதா என்று பலரும் கேட்கிறார்கள். இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் இழப்பு பெரிதில்லை. பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், முன்பு இருந்த 'ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம்' என்ற நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் நீக்கிவிட்டது. படிக்கட்டு ஏறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். உணவுக்குப் பின் நடப்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துகிறேன். நீரிழிவு உள்ளவர்களிடம் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் மொத்தமாக 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் இந்த வேறுபாடு 22 விழுக்காடு. தாமதமான இரவு உணவைத் தவிர்க்கவே முடியாத நாட்களில், விடுதியின் நீண்ட நடைக்கூடத்திலாவது பத்து நிமிடம் நடந்துவிட்டு அறைக்குச் செல்லுங்கள்.

தசைவலுவுக்கு அறையின் தரை போதும். தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், முன்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கி நிற்றல் என்ற மூன்றையும் பதினைந்து நிமிடத்தில் செய்து முடிக்கலாம். ஏற்கெனவே பயிற்சி செய்து பெற்ற வலுவைக் காப்பாற்றிக்கொள்ள, அதைப் பெறுவதற்குச் செய்த பயிற்சியில் ஒரு சிறு பங்கே போதுமானது. ஆகவே பயண வாரத்தில் குறைத்துச் செய்வதைத் தோல்வியாக எண்ணி முழுவதும் விட்டுவிடக் கூடாது.

நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்யும்போது, கால்களின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007-இல் அறிவித்தது. விமானம் மட்டுமன்றிப் பேருந்து, இரயில், கார் பயணங்களுக்கும் இது பொருந்தும். ஒருவருக்கு இது நேரும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் முன்பு இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது கூடுகிறது. மணிக்கொரு முறை எழுந்து நடப்பதும், இருக்கையில் இருந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக் கெண்டைக்கால் தசைகளை இயக்குவதும் இரத்தம் தேங்காமல் காக்கும். பயணத்திற்குப் பிந்தைய வாரங்களில் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் தோன்றினாலோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ, களைப்பு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களிடம்தான் நேரக்குலைவு உண்மையான ஆபத்தாக மாறுவதைக் காண்கிறேன். இன்சுலினோ, கிளைமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொண்ட பிறகு உணவு தள்ளிப்போனால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அச்சம் மிகக் குறைவு. ஆகவே தாம் உட்கொள்ளும் மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் தோன்றினால் உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ உட்கொண்டு, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அந்தக் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இன்சுலினை விமானத்தின் சரக்குப் பெட்டியில் அனுப்பக் கூடாது. அங்கே உறைந்துபோனால் அது பயனற்றதாகிவிடும். பல நேர மண்டலங்களைக் கடக்கும்போது, மேற்கு நோக்கிச் சென்றால் நாள் நீளும், கிழக்கு நோக்கிச் சென்றால் சுருங்கும். அதற்கேற்ப இன்சுலின் அளவை மாற்றுவதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும் என்பதால், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே அவரைப் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான்; அதற்கான பொட்டலங்கள் இரண்டைப் பையில் வைத்திருப்பது நல்லது. காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் சுயமருத்துவம் கூடாது.

இவை அனைத்தையும் பயணம் செய்பவரின் தோளிலேயே சுமத்துவது நியாயமாகாது. மாதத்தில் 14 இரவுகளோ அதற்கு மேலோ பணிக்காக வெளியில் தங்குபவர்களிடம், ஒன்று முதல் ஆறு இரவுகள் வரை தங்குபவர்களைவிட, தூக்கக் குறைபாடு, உடலுழைப்பின்மை, மனச்சோர்வின் அறிகுறிகள் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டதை அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். பயணமே இவற்றுக்கு நேரடிக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. ஆனால் பயண நிரலை வகுப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. மதிய உணவு நேரத்தில் கூட்டம் வைக்காமல் இருப்பதும், இரவுப் பயணம் செய்து வந்தவரை காலை எட்டு மணிக்கே கூட்டத்தில் அமர்த்தாமல் இருப்பதும் நிறுவனத்தின் கையில் இருக்கும் முடிவுகள். அடுத்த முறை மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லும்போது, இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு கடந்த மூன்று மாதப் பயண நிரலையும், அந்நாட்களில் உண்ட நேரங்களையும் உறங்கிய நேரங்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா, மருந்தை எடுக்கும் நேரத்தை மாற்றுவதா என்பதை மருத்துவர் தீர்மானிக்க அந்தத் தாள் உதவும்.