இரண்டாவது நகலைச் சோதிக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள்

திருமணப் படங்கள் தொலைந்துபோய்விட்டன என்று எங்களிடம் வரும் கேமரா மெமரி கார்டுகளில் பெரும்பாலானவை பழுதான கார்டுகள் அல்ல. கார்டும் நன்றாக இருக்கும், கேமராவும் நன்றாக இருக்கும். படம் எடுத்ததற்கும் ஆல்பம் அச்சுக்குப் போவதற்கும் நடுவே, கணினியில் நடந்த வேலையில்தான் படம் போயிருக்கும். தரவு மீட்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களிடம் இதைத்தான் மன்றாடிக் கேட்கிறேன்: இரண்டாவது நகல் எடுத்து, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டில் கை வையுங்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். முதல் நாள் மாலை வரவேற்பு. இரவில் மண்டபத்து அறையிலேயே உதவியாளர் படங்களை மடிக்கணினிக்கு இறக்கியிருக்கிறார். கார்டு ரீடரின் கேபிள் தளர்ந்திருந்ததால் இணைப்பு விட்டு விட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மறுபடி காப்பி போட்டு, ‘இந்தப் படங்கள் ஏற்கெனவே இருக்கின்றன, தவிர்க்கவா?’ என்று கணினி கேட்டதற்கு ‘ஆம்’ என்று அழுத்தியிருக்கிறார். இணைப்பு அறுந்த ஒவ்வொரு தடவையும் ஒரு படம் அரைகுறையாக இறங்கி, அப்படியே தங்கிவிட்டது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் எல்லாச் சிறுபடங்களும் வரிசையாகத் தெரிந்தன. அந்த நம்பிக்கையில் விடிகாலை முகூர்த்தத்துக்கு அதே கார்டை ஃபார்மட் செய்து நிரம்ப எடுத்துவிட்டார்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போதுதான் தெரிந்தது: தாத்தாவும் பாட்டியும் மணமக்களோடு நிற்கும் படத்தில் தலைப்பாகைவரை தெளிவாக இருக்கிறது, தோளுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கார்டில் அந்த இடத்தின்மேல் முகூர்த்தப் படங்கள் எழுதப்பட்டுவிட்டதால் எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

சிறுபடம் தெரிந்தும் படம் ஏன் கெட்டிருந்தது? பெரும்பாலான கேமராக்கள் ஒரு சிறிய முன்தோற்றத்தைக் கோப்பின் தொடக்கத்திலேயே பதித்து வைக்கின்றன. ஃபோல்டரில் கணினி காட்டுவது பல நேரங்களில் அதைத்தான். முக்கால் பங்கு வராத கோப்புகூட அங்கே முழுப் படமாக நிற்கும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலும் இதே கதைதான்; உள்ளே இருக்கும் ஜேபெக் முன்தோற்றம் பளிச்சென்று தெரியும், எடிட் செய்யத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே சிறுபடங்களைப் பார்ப்பது சோதனை ஆகாது. நகலெடுத்து முடித்ததும் மூலத்தையும் நகலையும் மறுபடி படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். விண்டோஸில் டெராகாப்பியில் அந்த வசதி இருக்கிறது. இரண்டு பக்கமும் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து வரும் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, ஒரு பைட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கார்டிலிருந்து ‘கட்’ செய்து ஒட்டினால் சோதிக்கும் முன்பே மூலம் போய்விடும்; அந்தப் பழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள்.

நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. 128 ஜிபி கார்டைப் பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் போட்டால், வினாடிக்கு 35 எம்பி என்று வைத்துக்கொண்டாலும் முழுதாக இறங்க ஒரு மணி நேரம் ஆகும். 90 எம்பி தரும் யுஎஸ்பி 3.0 ரீடரில் அதே வேலை 24 நிமிடத்தில் முடியும். யுஎச்எஸ்-2 என்ற அதிவேக வகைக் கார்டு வாங்கியவர்கள் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், இரண்டாவது வரிசையாக முனைகள் இருக்கும். ரீடரிலும் அதற்கான முனைகள் இல்லாவிட்டால் கார்டுக்குக் கொடுத்த கூடுதல் பணம் கணினிப் பக்கத்தில் வீண். நடுராத்திரி அவசரம்தான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் என்பதால், நல்ல ரீடரைப் பாதுகாப்புக் கருவி என்றே நான் கருதுகிறேன்.

எத்தனை நகல்? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 முறையைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புக் கருவிகளில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். நம் ஊர் ஸ்டூடியோவுக்கு இதை இப்படிச் சொல்லலாம்: எடிட் செய்ய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்புக் கருவி), சேமிக்க ஹார்டு டிஸ்க், வீட்டில் இன்னொரு ஹார்டு டிஸ்க். பல டிஸ்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு பெட்டி வாங்கிவிட்டோம், அதுவே பேக்கப் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் காப்பாற்றும், அவ்வளவுதான். கை தவறி அழித்த ஃபோல்டர் அதன் எல்லா டிஸ்குகளிலும் ஒரே நொடியில் அழிந்துவிடும்.

எஸ்எஸ்டியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஹார்டு டிஸ்கில் அழித்த படம், அதன்மேல் வேறெதுவும் எழுதப்படும்வரை உள்ளே இருக்கும். எஸ்எஸ்டியிலோ ட்ரிம் என்ற கட்டளை, அழித்த இடங்களைக் காலிசெய்யும்படி அதற்கே சொல்லிவிடுகிறது. பிறகு எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவந்தாலும் பெரும்பாலும் பயனில்லை.

லைட்ரூம் கிளாசிக் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் கேட்டலாக் என்ற பதிவேட்டை பேக்கப் எடுத்தால் படங்களும் பேக்கப் ஆகிவிட்டன என்று எண்ணாதீர்கள். அதில் இருப்பவை நீங்கள் செய்த திருத்தங்கள். மூலப் படங்களைத் தனியாகத்தான் காக்க வேண்டும்.

அடுத்ததைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ‘கிராக்’ செய்த, அதாவது பணம் கட்டாமல் ஓடும்படி பூட்டு உடைத்த எடிட்டிங் மென்பொருள் வேண்டாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ஸ்டாப்-டிஜேவியு என்ற பிணைத்தொகை வைரஸ் குடும்பம் பெருமளவில் பரவியதே இத்தகைய கிராக் கோப்புகள் வழியாகத்தான். நிறுவி முடிப்பதற்குள் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கெழுத்து முளைத்திருக்கும், ஃபோல்டருக்கு ஃபோல்டர் பணம் கேட்டு ஒரு குறிப்பு கிடக்கும். அந்த நேரத்தில் கணினியில் செருகியிருந்த பேக்கப் டிஸ்கும் சேர்ந்து போகும். பேக்கப் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பழகச் சில வாரம் ஆகும், ஆனாலும் தொழிலுக்குப் போதுமானவை.

கணினி வாங்கும்போது என்னிடம் யோசனை கேட்டால், விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன்னால் இரண்டாவது ஹார்டு டிஸ்கையும், மின்சாரம் போனாலும் கணினியைச் சற்று நேரம் ஓட்டும் யுபிஎஸ்ஸையும் வாங்கச் சொல்வேன். டிஸ்கில் தரவு பதிவாகிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் அட்டவணையே குலைய வாய்ப்பு உண்டு. ரேம் 16 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும், ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்கை மேசையில் நகர்த்தாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் படம் அழிந்துவிட்டால், அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே கழற்றி, எஸ்டி கார்டாக இருந்தால் ஓரத்தில் உள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிடுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் நீங்களே முயலலாம். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிஸ்கில் சேமியுங்கள். ஃபார்மட் செய்யச் சொல்லிக் கணினி கேட்டால் மறுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்ற சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்ட வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்து, திறக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். அந்த நிலையில் மறுபடி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் படங்கள் பதிந்திருக்கும் உள்தட்டின் பரப்பு இன்னும் உரசிப் போகலாம்.