லேப்டாப்பை மூடிய பிறகு ஏறும் படபடப்பு

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாரத்தஹள்ளி பக்கம் மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீட்டிலிருந்து. இரண்டு குழந்தைகள், கூட மாமியார். போன மழைக்காலத்தில் தூக்கம் கெட்டது. குக்கர் விசில் கேட்டால்கூட அழுகை வந்ததாம். மருத்துவர் மூன்று வாரம் ஓய்வு எடுக்கச் சொன்னார். சான்றிதழில் என்ன காரணம் போடட்டும் என்றும் அவரே கேட்டார். இரண்டு பேரும் யோசித்து ‘வைரல் ஃபீவர்’ என்று முடிவு செய்தார்கள்.

அவர் கேள்வி இது: “மேடம், பகல் முழுக்க எப்படியோ ஓட்டிவிடுகிறேன். சாயங்காலம் லேப்டாப்பை மூடினதும்தான் நெஞ்சு படபடக்கிறது. வேலை முடிந்தால் குறைய வேண்டியதுதானே? மாமியார் கண் திருஷ்டி என்கிறார். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது.”

திருஷ்டி கழிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றைக்கு ஏன் பரவாயில்லாமல் இருந்தது என்று எனக்குப் புரிகிறது. அந்த ஐந்து நிமிடம் அவரை யாரோ உட்காரவைத்தார்கள். அவர் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சரி, படபடப்புக்கு வருவோம். இதே கேள்வியை 1980களில் ஸ்வீடனில் ஒருவர் கேட்டு, அளந்தும் பார்த்தார். மரியான் ஃபிராங்கன்ஹேய்சர் என்ற உளவியலாளர். வால்வோ நிறுவனத்தின் அலுவலக ஊழியர்களை எடுத்துக்கொண்டார், ஆண்கள், பெண்கள், மேலாளர்கள், எழுத்தர்கள் என எல்லாரும். வேலை நேரத்திலும், வேலை முடிந்த பிறகும் அவர்களுடைய சிறுநீரைச் சேகரித்தார்.

எதற்கு சிறுநீர்? நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலின், நார்அட்ரினலின் இரண்டும் ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் பாதியாகிவிடும். ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் ஊசியைப் பார்த்த பயம்தான் அதில் தெரியும். சிறுநீர்ப்பையோ ஒரு டைரி மாதிரி. கடந்த சில மணி நேரத்தில் சுரந்ததன் மிச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அந்த டைரியில் இருந்தது இதுதான்: பகலில் ஆண் மேலாளர்களும் பெண் மேலாளர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஆண்களின் நார்அட்ரினலின் சரசரவென்று இறங்கியது. பெண் மேலாளர்களுக்கு இறங்கவில்லை, ஏறியது. 1989இல் இதை வெளியிட்டார்கள். ஆக, நம் வாசகியின் நெஞ்சு சொல்வது பொய் இல்லை. உடம்பைப் பொறுத்தவரை லேப்டாப்பை மூடுவது ஷிப்ட் மாறுவது மட்டும்தான்.

இரண்டாவது ஷிப்ட் எவ்வளவு நேரம் என்பதற்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் எடுத்தாலே 88 நிமிடம்தான். 2019இல் இது 299ஆகவும் 97ஆகவும் இருந்தது. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்திருக்கிறோம். ஆண்களும் ஒன்பது நிமிடம் மிச்சம் பிடித்துக்கொண்டார்கள்!

இனி, எனக்குப் பிடித்த இடம்.

நார்அட்ரினலின் வேகமான ஆள். அதற்குப் பின்னால் நிதானமாக வரும் இன்னொரு ஆள் கார்டிசால். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும், அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கும். காலையில் கண் விழித்த அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பகலெல்லாம் இறங்கி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரவேண்டிய சரக்கு அது. அதைச் சுரக்கவைப்பது பெரிய விஷயமில்லை. நிறுத்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பெங்களூர்வாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். கீழே சம்ப், மேலே டேங்க், நடுவில் மோட்டார். டேங்குக்குள் இரண்டு மூன்று ஸ்டீல் கம்பிகள் தொங்கும். தண்ணீர் ஏறி மேல் கம்பியைத் தொட்டதும் சின்ன மின்னோட்டம் பாய்ந்து, மோட்டார் தானாக நின்றுவிடும். அதாவது தன்னை நிறுத்தச் சொல்லும் செய்தியைத் தண்ணீரே கொண்டுபோகிறது. கார்டிசாலும் அப்படித்தான். ரத்தத்தோடு மூளைக்கு ஏறி, அங்குள்ள செல்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளைத் தொட்டு, “போதும், நிறுத்து” என்கிறது.

போன வருடம் எங்கள் வீட்டு மோட்டார் நிற்க மறுத்தது. விடியற்காலையில் மாடியிலிருந்து அருவி. பிளம்பர் கம்பியை வெளியே எடுத்துக் காட்டினார், வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தது. எல்லாம் போர்வெல் தண்ணீரின் உப்பு. தண்ணீர் வந்து தொட்டாலும் கம்பிக்குத் தெரியவில்லை. எந்தத் தண்ணீரை உணர வேண்டுமோ, அதே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியைச் செவிடாக்கியிருந்தது.

மூளையிலும் ஏறக்குறைய இதே கதை. கார்டிசால் ஏற்பி செல்லுக்குள் தனியாக இருப்பதில்லை, துணைப் புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றின் பெயர் எஃப்.கே.பி.பி.5. இது ஒட்டிக்கொண்டிருக்கும்வரை ஏற்பி கார்டிசாலை லேசில் பிடிக்காது. கார்டிசால் போதுமான அளவு வந்து ஒருவழியாக ஒட்டிவிட்டால், எஃப்.கே.பி.பி.5 விலகும், வேறொரு புரதம் அந்த இடத்துக்கு வரும், ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் போய் நிறைய மரபணுக்களை இயக்கும். அப்படி இயக்கப்படும் மரபணுக்களில் ஒன்று எது தெரியுமா? எஃப்.கே.பி.பி.5தான்! கார்டிசால் தன்னைக் கேட்கும் காதுக்குத் தானே பஞ்சு தயாரிக்கிறது.

சாதாரண நாட்களில் இது நல்ல ஏற்பாடு. ஒரு முறை அதிர்ந்ததும் ஏற்பி கொஞ்ச நேரம் அடங்கி இருக்க வேண்டுமே. ஆனால் அதிர்ச்சி ஓயாமல் வந்தால் பஞ்சு சேர்ந்துகொண்டே போகும். எலிகளுக்கு நாள்கணக்கில் தொடர் நெருக்கடி கொடுத்தபோது மூளையில் இந்தப் புரதம் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள். 2004இல் எலிசபெத் பிண்டர் குழுவினர் இதே மரபணுவின் வேறுபாடுகளை மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவதோடும், மருந்துக்கு உடல் எப்படி இசைகிறது என்பதோடும் தொடர்புபடுத்தினார்கள்.

இந்தப் புரதத்தின் வேலை புரிந்ததில் ஒரு குரங்குக்கும் பங்கு உண்டு. தென் அமெரிக்காவின் அணில் குரங்குகளுக்கு ரத்தத்தில் கார்டிசால் மனிதர்களைவிடப் பல மடங்கு. ஒரு மனிதருக்கு அவ்வளவு இருந்தால் முகம் ஊதி, எலும்பு தேய்ந்து படுத்துவிடுவார். குரங்கோ ஜாலியாகக் கிளை தாவுகிறது. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், அதன் செல்களில் எஃப்.கே.பி.பி.5 மிக அதிகம். பிறவியிலேயே காதில் பஞ்சு, அதற்குத் தகுந்தாற்போல் உடம்பும் பழகிவிட்டது. நமக்கு அந்த வசதி இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆய்வகத்துக்கு ஓடி கார்டிசால் டெஸ்ட் எடுக்க வேண்டாம். வேலையில் எரிந்து தீர்ந்தவர்களை ஆராய்ந்தபோது சில ஆய்வுகளில் கார்டிசால் கூடுதல், சிலவற்றில் குறைவு, சிலவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. காலை எட்டு மணி ரத்தத்தில் உங்கள் சாயங்காலம் தெரியாது.

அப்படியானால் மூன்று வாரம் விடுப்பு எடுத்தும் வாசகிக்கு ஏன் சரியாகவில்லை? அவரே எழுதியிருக்கிறார். முதல் வாரமே மாமியாரின் தங்கை குடும்பம் வந்தது, “நீதான் லீவுல இருக்கியே.” பெரியவனின் பள்ளிக்கூட புராஜெக்ட்டும் அவர் தலையில் விழுந்தது. ஆபீஸ் மோட்டார் நின்றது, வீட்டு மோட்டார் இரண்டு பங்கு ஓடியது. சான்றிதழில் வேறு வைரல் காய்ச்சல். காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். நாலாம் நாள் அவர் படுத்திருந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

‘வைரல் ஃபீவர்’ என்ற அந்த இரண்டு வார்த்தை எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஸ்வீடனில் நோய் விடுப்பு இரண்டு வாரத்தைத் தாண்டினால் அரசின் சமூகக் காப்பீடு பணம் தரும், சான்றிதழில் உள்ள நோயின் பெயர் பதிவாகும். கடும் மனக்களைப்புக்கு அங்கே 2005 முதல் தனி நோய்க்குறியீடே உண்டு. அந்தப் பதிவுகளை இரட்டையர் பதிவேட்டோடு இணைத்துப் பார்த்தார்கள். வேலை வீட்டு வாழ்க்கைக்குள் புகுந்து இடைஞ்சல் செய்வதாகச் சொன்னவர்கள், பிற்பாடு மன அழுத்தம் தொடர்பான நோய்க்குறியோடு விடுப்பில் போகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இங்கே அப்படி ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தாலும் கிடைப்பது காய்ச்சல் புள்ளிவிவரம்தான். நிமிடக் கணக்கு எடுக்க நாடு முழுக்க ஆள் அனுப்ப முடிகிற அரசால், ஒரு சில நூறு வீடுகளில் மாலை ஏழு மணிக்குப் பஞ்சுருளையில் எச்சில் எடுத்து கார்டிசால் பார்க்க முடியாதா? மனநல, நரம்பியல் ஆய்வு மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இதே ஊரில்தானே இருக்கிறது. பெரிய பெரிய இயந்திரங்களுக்கு ஒதுக்கும் தொகையில் சில்லறை போதும் என்பது என் எண்ணம்.

வாசகிக்கு நேரான பதில் இரண்டு. ஒன்று, கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நோய், விபத்து, அல்லது நியாயமான வேறு காரணம் என்கிறது சட்டம். மனதுக்கு வரும் நோய் செல்லாது என்று அதில் இல்லை. இரண்டு, தூக்கம் கெட்டு அழுகை வருவது மறுபடி தொடங்கினால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், 14416, தமிழிலேயே பேசலாம்.

கூடவே, வேலை முடிவதற்கும் வீடு தொடங்குவதற்கும் நடுவே சின்ன இடைவெளி கிடைக்குமா பாருங்கள் என்று எழுதியிருந்தேன். வால்வோ ஆண்களுக்கு ஐந்து மணிக்குக் கிடைத்தது அதுதான்.

போன வாரம் பதில் வந்தது. ஆபீஸ் நாட்களில் கேப் காரிலிருந்து வீட்டுக்கு முன்பாகவே இறங்கிவிடுகிறாராம். அல்சூர் ஏரிக்கரையில் இருபது நிமிடம், போனைப் பைக்குள் போட்டுவிட்டு. படபடப்பு அந்த மூன்று நாட்களில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, வீட்டிலிருந்து வேலை செய்யும் இரண்டு நாட்களில் அப்படியே இருக்கிறது. மாமியாரிடம் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் டிராஃபிக் என்று சொல்லியிருக்கிறார். பெங்களூரில் அதற்குச் சான்றிதழ் யாரும் கேட்க மாட்டார்கள்.